சுருதி, சுரம், தாளம்: ஓர்கன் வாங்கிய தகப்பனுக்கு ஒரு பதில்

கல்முனையில் இருந்து ஒரு தகப்பன் கேட்டிருந்தார். மகள் ஆறாம் ஆண்டுக்கு வந்து சங்கீதப் பாடம் எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு ஒரு ஓர்கனும் வாங்கியாயிற்று. ஆனால் கொப்பியைத் திறந்தால் சுருதி, சுரம், ஸ்தாயி, ராகம், லயம், தாளம், ஆவர்த்தனம் என்று வரிசையாக வரைவிலக்கணம். "ஒன்றைப் படித்தால் அது இன்னொன்றைக் காட்டுது, அதைப் படித்தால் திரும்ப முதலாவதையே காட்டுது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்தேன், எனக்கே விளங்கவில்லை. எனக்குக் காது இல்லை என்று மனைவி சொல்கிறா. அடியில் இருந்து விளக்க முடியுமா சேர்?" என்பது அவருடைய கேள்வி.

முதலில் அந்தக் காதுக் கதையை முடித்துவிடுவோம். பின்னேரம் உங்கள் ஒழுங்கைக்குள் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற சூன் பாண் ஆட்டோ வருகிறதுதானே. முதல் நாலைந்து ஓசை கேட்டதும், வாசலுக்கு வராமலே "பாண்காரன் வாறான்" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த மெட்டு பேத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதியது. எங்கள் நாட்டில் அது கிம்புலா பணிசுக்கு உரியதாகிவிட்டது, அது வேறு கதை. ஆட்டோ கிட்ட வரும்போது அந்த மெட்டு கொஞ்சம் உயர்ந்து கேட்கும், உங்களைத் தாண்டிப் போனதும் கொஞ்சம் தாழ்ந்து கேட்கும். உயரம் மாறிய பிறகும் அது அதே மெட்டு என்று காது சொல்கிறது. ஓசை ஒவ்வொன்றின் உயரத்தையும் நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை, ஓசைக்கும் ஓசைக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சங்கீதக் காது என்பது இதுதான், அது உங்களிடம் இருக்கிறது. இல்லாதது பெயர்கள் மட்டும்.

அந்தத் தூரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஓர்கனுக்குப் போங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு சேர்ந்தும் மூன்று சேர்ந்தும் மாறி மாறி இருக்கும். இரண்டு சேர்ந்த இடத்தில், வலப்பக்கக் கறுப்பையும் அதை ஒட்டி வலப்பக்கம் இருக்கும் வெள்ளையையும் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஒரே சீராகத் தட்டுங்கள். பாண்காரன் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடுவான். ஓர்கனில் இதைவிடச் சின்னத் தூரம் கிடையாது. இதைத்தான் அரைச்சுரத் தூரம் என்கிறோம்.

கொப்பிக்கு வருவோம். இசைக்கு அடியில் இருப்பது இரண்டே விசயம்: ஓசையின் உயரம், ஓசையின் நேரம். மகளின் கொப்பியில் உள்ள சொற்களை இரண்டு கடகப் பெட்டியில் பிரித்துப் போடலாம். சுருதி, சுரம், ஸ்தாயி, ராகம் எல்லாம் உயரக் கடகம். லயம், தாளம், காலம், ஆவர்த்தனம் எல்லாம் நேரக் கடகம். "சுருதி மாதா, லயம் பிதா" என்று பழையவர்கள் சொன்னது இந்தப் பிரிவைத்தான். இரண்டையும் கலந்து படிப்பதால்தான் சொல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கிறது.

உயரத்தில் தொடங்குவோம். ஓசை என்பது அதிர்வு. ஒரு தந்தி செக்கனுக்கு 440 முறை அதிர்ந்தால் ஒரு உயரம், 220 முறை அதிர்ந்தால் அதைவிடத் தாழ்ந்த உயரம். எங்கள் மட்டக்களப்பு ஆட்களுக்கு அதிர்வைப் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. பூரணை நிலவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியைக் காதோடு வைத்துக் கேட்பது இங்கே பழைய பழக்கம். நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். வெறும் காதுக்குக் காற்றும் அலையும் மட்டும்தான். துடுப்பைக் காதில் வைத்ததும், யாரோ ஒரு தந்தியைத் தொட்டுவிட்டு விரலை எடுத்த மாதிரி மெல்லிய ரீங்காரம். இதைப் பாடும் மீன் என்பார்கள், பாடுவது மீனா சிப்பியா என்ற வழக்கு இருக்கட்டும். தண்ணியின் அதிர்வு மரத்துக்கூடாக ஏறி என் தாடை எலும்புக்கு வந்தது என்பதுதான் எனக்கு அன்று கிடைத்த பாடம். இந்த வாவியின் ஓசையைப் பற்றி விபுலாநந்த அடிகளும் பாடியிருக்கிறார்.

220க்கும் 440க்கும் ஒரு விசேசம் உண்டு. ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒரே ஓசையைத் தகப்பனும் மகளும் சேர்ந்து பாடுவது போல இருக்கும். கோயிலில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒன்றாகத் தேவாரம் பாடும்போது நடப்பது இதுதான். எல்லாரும் ஒரே உயரத்தில் பாடுவதில்லை, சிலர் இரட்டிப்பில் பாடுகிறார்கள், ஆனால் காதுக்கு முரண் இல்லை. ஒரு ஓசையில் இருந்து அதன் இரட்டிப்பு வரை உள்ள இடத்தைத்தான் ஸ்தாயி என்கிறோம். கீழே மந்தரம், நடுவில் மத்திமம், மேலே தாரம்.

சுருதி என்றால் என்ன? பாட்டு முழுவதும் திரும்பித் திரும்பி வந்து நிற்கிற அடி உயரம். ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு சுரத்தில் முதலாவதான ச நிற்பது இந்த உயரத்தில்தான். அதை முதலில் ஊன்ற வேண்டும், பிறகு மற்றதெல்லாம் அதில் இருந்து அளந்து வரும். கிராமத்துக் கூத்தில் சுருதிப் பெட்டி எல்லாம் கிடையாது. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கிற உயரம்தான் சுருதி, பிற்பாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கச்சேரியில் தம்புரா அந்த வேலையைச் செய்கிறது. இப்போது போனிலேயே தம்புரா செயலி இலவசமாக இருக்கிறது.

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், அங்கேதான் ஓர்கன் வாங்கிய வீடுகளில் பிழை தொடங்கும். ஆங்கிலத்தில் சீ என்கிற வெள்ளைக் கட்டை, அதாவது இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டி இருப்பது, ஒரு கட்டை. அதற்கு அடுத்த கறுப்பு ஒன்றரை. அடுத்த வெள்ளை இரண்டு. இப்படியே வெள்ளைக்கு முழு எண்ணும், கறுப்புக்கு அரையும் வைத்து ஏழு வரை போகும். மூன்றரை என்று ஒன்று இல்லை, ஏனென்றால் மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவதுக்கும் இடையில் கறுப்பு இல்லை. ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டு என்ற பக்கம் பாடுவார்கள். பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஐந்து, ஐந்தரை, ஆறு பொருந்தும். ஓர்கனோடு வருகிற புத்தகத்தில் ச என்றால் சீ என்று படம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை அந்தக் கட்டையில் பாடச் சொல்லி வற்புறுத்துகிற தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். ச எந்தக் கட்டையிலும் வைக்கலாம். பாடுபவரின் தொண்டைதான் அதைத் தீர்மானிக்கும்.

இது எனக்கு அடிபட்டுப் பிடிபட்ட விசயம். பதின்மூன்று வயதில் ஒரு கோயில் மேடையில் பாடினேன். எனக்கு முன்னே பாடிய அக்காமாருக்கு ஆர்மோனியத்தில் ஆறு கட்டை வைத்திருந்தார்கள், அதை யாரும் மாற்றவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. பல்லவி எப்படியோ போய்விட்டது. அனுபல்லவியில் மேல் சட்ஜத்துக்கு, அதாவது மேல் ச-வுக்கு, ஏறும்போது தொண்டை கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது. முன் வரிசையில் இருந்த என் மச்சான் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது எந்தப் பிள்ளை வந்தாலும், வாயைத் திறக்க முன் கட்டையைத்தான் பார்ப்பேன். கீழே எவ்வளவு இறங்கும், மேலே எவ்வளவு ஏறும், நடுவில் எங்கே இளைப்பில்லாமல் நிற்கும் என்று பார்த்து ச வைப்பேன்.

ஒரு ச-வுக்கும் மேல் ச-வுக்கும் இடையில் ஓர்கனில் எத்தனை கட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு, ஆகப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டு இடங்களைத்தான் சுரத்தானம் என்கிறோம். ச-வும் ப-வும் அசையாத இரண்டு தூண். ரி, க, ம, த, நி ஐந்துக்கும் இரண்டு இரண்டு இடம். கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு வரும். கொப்பியில் பதினாறு பெயர் எழுதியிருக்கும், அது ஒரே இடத்தை இரண்டு பெயரால் கூப்பிடுவதால் வந்தது. இந்த வருடத்துக்கு அதை விட்டுவிடலாம்.

ஏழு சுரத்தின் பெயர்களும் சட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்று மகள் படித்திருப்பாள். அதே ஏழுக்குத் தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் இருந்தது. இதை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியவர் உங்கள் ஊருக்கு அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த மனிதர். விபுலாநந்தர் அடிப்படையில் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்தவர். அதனால்தான் பழந்தமிழ் இசையைப் பற்றி அவர் எழுதிய யாழ்நூலில் பாட்டு வரிகளோடு பின்னக் கணக்கும் வருகிறது. அந்த நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

அந்தக் கணக்கு பயப்படுகிற மாதிரி இல்லை. ஒரு தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ச. மூன்றில் இரண்டு பங்காக்கினால் ப, அதாவது இளி. நாலில் மூன்று பங்காக்கினால் ம, அதாவது உழை. உங்களிடம் கிற்றார் இருந்தால் அளவு நாடாவை வைத்தே பார்த்துவிடலாம். ச-வில் இருந்து ப எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் ப-வில் இருந்து போனால் ரி வரும். அங்கிருந்து அதே அளவு போனால் த. பிறகு க, பிறகு நி. இப்படிப் பன்னிரண்டு தரம் தாண்டினால் தொடங்கிய இடத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிடும். இந்தச் சுற்றைப் பழைய தமிழிசையில் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்து வட்டமாகவே வரைந்தார்கள். கிட்டத்தட்ட என்று சொன்னேன், ஏனென்றால் ஒரு மயிரிழை மிஞ்சும். ஓர்கன் செய்கிறவர்கள் அந்த மயிரிழையைப் பன்னிரண்டு கட்டைக்கும் சமமாகப் பங்குபோட்டு மறைத்துவிட்டார்கள். வயலின்காரருக்கும் பாடுபவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, அவர்கள் சுத்தமான இடத்திலேயே நிற்கலாம்.

ஓர்கனைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல சாமான், ஆனால் கர்நாடக சங்கீதத்துக்கு அது வழிகாட்டிப் பலகை, வழி இல்லை. எங்கள் பாட்டில் சுரம் ஒரு இடத்தில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்பதில்லை. அசைந்து, வழுக்கி, பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வரும். அந்த அசைவுக்குப் பெயர் கமகம். கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள வெளியில்தான் கமகம் வாழ்கிறது, ஓர்கனில் அந்த வெளி இல்லை. ஆகவே சுரம் எந்த இடம் என்று பார்க்க ஓர்கனை வையுங்கள், எப்படிப் பாடுவது என்று மிஸ்ஸின் வாயைப் பார்த்துப் பழகட்டும்.

பன்னிரண்டில் இருந்து சிலதைத் தெரிந்தெடுத்து, இந்த வரிசையில் ஏறு, இந்த வரிசையில் இறங்கு என்று சொன்னால் ஆரோகணம், அவரோகணம். அது ராகத்தின் எலும்புக்கூடு. எந்தச் சுரத்தில் கூட நேரம் நிற்பது, எதை அசைப்பது, எந்தப் பிடியில் அடையாளம் தெரியும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ராகம். தேவாரத்தில் பண் என்று சொல்வதும் இந்த வகைதான். நட்டபாடைப் பண் பதிகங்களை இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள்.

மூன்றே பரீட்சை செய்து பாருங்கள். ஒரு கட்டையில், அதாவது சீயில், தொடங்கி வெள்ளைக் கட்டையை மட்டும் எட்டுத் தரம் வரிசையாகத் தட்டினால் சங்கராபரணத்தின் சுரங்கள். அதிலேயே இரண்டாவது வெள்ளைக்குப் பதிலாக அதற்கு இடப்பக்கக் கறுப்பையும், ஆறாவது வெள்ளைக்குப் பதிலாக அதன் இடப்பக்கக் கறுப்பையும் தட்டினால் மாயாமாளவகௌளை. மகள் முதல் பயிற்சியான சரளி வரிசை பாடுவது இதில்தான். ஏன் இந்த ராகத்தில் தொடங்குகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பதே இல்லை, கேட்டால் நல்லது. ச ரி க ம என்ற முதல் பாதியில் தூரம் சின்னது, பெரியது, சின்னது. ப த நி ச என்ற இரண்டாம் பாதியிலும் அதே சின்னது, பெரியது, சின்னது. ஒரு பாதியைத் தொண்டை பழகிவிட்டால் மற்றப் பாதி இலவசம். மூன்றாவது பரீட்சை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளையைத் தொடாதீர்கள். மூன்று சேர்ந்த கறுப்பில் முதலாவதில் தொடங்கி, கறுப்பை மட்டும் வரிசையாகத் தட்டுங்கள். ஐந்து சுரம் வரும். அது மோகனத்தின் சுரங்கள், நாலரைக் கட்டையில். கண்ணை மூடிக்கொண்டு கறுப்பில் எதைத் தட்டினாலும் காது கோபிக்காது. சின்னப் பிள்ளைகளை முதல் நாள் இதில்தான் விடுவேன், அரை மணித்தியாலத்துக்கு வீட்டில் சத்தம் இருக்கும், சகித்துக்கொள்ள வேண்டும்.

சரி, மற்றக் கடகம். நேரம்.

நாலு சொல்லைப் பிரித்துப் பிடித்தால் போதும். ஒரே சீரான இடைவெளியில் தட்டிக்கொண்டு போவது லயம். அந்தத் தட்டுகளை எட்டாகவோ ஆறாகவோ ஏழாகவோ கட்டுப்போடுவது தாளம். ஒரு கட்டு முடிந்து திரும்பத் தொடங்குவது ஆவர்த்தனம். ஒரு தட்டுக்குள் எத்தனை சுரம் நிரப்புகிறோம் என்பது காலம்: முதலாம் காலத்தில் ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு.

ஆதி தாளத்தைக் கையில் போடுங்கள். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இது நாலு. அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. திரும்ப ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஆக எட்டு. முதல் நாலுக்குப் பெயர் லகு, பிந்திய இரண்டு இரண்டும் திருதம். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, கை மறக்கக் கூடாது.

எங்கே பிழைக்கும் தெரியுமா? போன கிழமை வகுப்பில் ஒரு சின்னவள். முதலாம் காலம் அழகாகப் பாடினாள். இரண்டாம் காலம் என்றதும் சுரம் வேகமாயிற்று, கூடவே கையும் வேகமாயிற்று. நான் மேசையில் பென்சிலால் பழைய வேகத்திலேயே தட்டிக்கொண்டு இருந்தேன். நடுவிரல் எண்ணி முடிந்து ஐந்தாவது தட்டு வருகிற இடத்தில் அவளுடைய கை என் பென்சிலுக்கு முன்னமே தொடையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். "மகள், கை யாருடைய கை?" என்று கேட்டேன். "என்ட கைதான் சேர்." "இல்லை, கை கடிகாரத்தின் கை. வாய்தான் உன்ட வாய்." பிறகு அவளுடைய கையைப் பிடித்து நான் தாளம் போட்டேன், அவள் பாடினாள். நாலாவது தரம் என் கையை விட்டேன், அவளுடையது அப்படியே போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் காலம் என்றால் வேகமாகப் பாடுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தட்டு நின்ற இடத்தில் நிற்க, அதற்குள் இரண்டு சுரம் போவதுதான் இரண்டாம் காலம். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

லயத்தை நான் சங்கீத வகுப்பில் படிக்கவில்லை. மாமாவின் ஊரில் கூத்துப் பழக்கம் நடக்கும்போது, களரியின் ஓரத்தில் சாக்கு விரித்துக் குந்தியிருந்து படித்தது. அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு சொற்கட்டைச் சொல்லுவார், பக்கத்தில் ஒருவர் சல்லரி என்கிற கைத்தாளம் போடுவார், ஆட்கள் சுற்றிச் சுற்றி மிதிப்பார்கள். பகலில் வயலிலும் தோணியிலும் நின்ற கால்கள். ஒருவருக்கும் ரி எது, க எது என்று தெரியாது. ஆனால் ஒருவன் அரைத் தட்டுப் பிந்தி மிதித்தால், அண்ணாவியார் தலையை நிமிர்த்தாமலே மத்தளத்தை நிறுத்திவிடுவார். பதினைந்து பேரின் காலில் எந்தக் கால் பிழைத்தது என்றும் சொல்லுவார். ஆட்களுக்குப் பாகம் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளில் இருந்து சதங்கை கட்டும் நாள் வரை மாதக்கணக்கில் இதே வேலை. அரங்கேற்றத்துக்கு வட்டக்களரியில் ஏறினால் விடியும் வரை ஆட்டம், விடியப்புறத்திலும் அந்தத் தட்டு தளராது. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தும் ஆட்டத்திலும் பாட்டிலும் வேறு வேறு, ஆனால் காலில் லயம் ஏறாமல் இரண்டிலும் ஒருவனையும் களரியில் ஏற்றமாட்டார்கள். சங்கீத வகுப்புகளிலும் இந்த ஒழுங்கு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாங்கள் வாயில் தொடங்குகிறோம். காலில் தொடங்கினால் பாதிப் பிள்ளைகளுக்குத் தாளப் பயமே வராது.

தட்டுகளை எப்படிக் கட்டுப்போடுவது என்பதற்குச் சொற்கள் இருக்கின்றன. மூன்றுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. வாயால் சொல்லிக்கொண்டு நடந்தால் போதும், உடம்பு புரிந்துகொள்ளும். தகதிமி சொல்லி நடப்பவருக்கு ஒவ்வொரு தரமும் த-வில் ஒரே கால் விழும். தகிட சொன்னால் த ஒரு தரம் வலது காலில் விழும், அடுத்த தரம் இடது காலில் விழும், அதனால் நடையிலேயே ஒரு ஆட்டம் வந்துவிடும். கல்யாண வீட்டில் பைலா போட்டால் தாத்தாமாருக்கும் தோள் அசைவது இதனால்தான். பைலாவின் அடியில் தகிட தகிட என்று ஆறு சின்னத் தட்டு ஓடுகிறது, இரண்டு பெரிய தட்டாகக் கட்டுப்பட்டு. எங்கள் மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு ஆடுகிற கப்ரிஞ்ஞாவிலும் அதே ஆறு. உங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் களிகம்பு அடிக்கும்போது கம்பும் கம்பும் முட்டுகிற இடத்தைக் கவனியுங்கள். முட்டுகிற ஒவ்வொரு இடமும் ஒரு தட்டு, தாளத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டு கடகத்துக்கும் வெளியே மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரே ச-வை நாதசுரத்திலும் வயலினிலும் வாசித்தால் உயரம் ஒன்று, ஆனால் யார் வாசிப்பது என்று தெரிகிறது. போனில் "ஹலோ" என்றதும் தங்கச்சி என்று கண்டுபிடிப்பதும் அதே வித்தைதான். ஒவ்வொரு ஓசையோடும் மெல்லிய மேலோசைகள் கலந்து வருகின்றன, அந்தக் கலவை ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி வேறு. அதற்கு நாதத்தின் தன்மை என்று பெயர். பிறகு, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. அதற்கு விளக்கம் வேண்டாம், தாலாட்டைச் சத்தமாகப் பாடிப் பாருங்கள்.

மேற்கத்திய இசையில் பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி வைப்பார்கள். எங்கள் சங்கீதத்தில் அந்த வழக்கம் இல்லை, ஒரு மெட்டு, அதன் கீழே ஒரு சுருதி, அவ்வளவுதான். புளியந்தீவுப் பக்கம் தேவாலயத்தில் கொயர் பாடுவதைக் கேட்டிருந்தால் வித்தியாசம் தெரியும். ஓர்கனில் கட்டைக் கணக்கில் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய மூன்று வெள்ளையையும் ஒன்றாக அழுத்துங்கள். வெளிச்சமாக ஒரு ஓசை. நடு விரலை மட்டும் இடப்பக்கக் கறுப்புக்கு மாற்றுங்கள். முகம் வாடிவிடும். சினிமாப் பாட்டில் சோகம் வருவதற்கு முன்னமே வயிற்றுக்குள் ஏதோ செய்வதில் பாதி இந்த ஒரு விரலின் வேலை.

பாட்டின் அமைப்பையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பல்லவி வீட்டு வாசல், அனுபல்லவியில் பெரும்பாலும் மேலே ஏறும், சரணத்தில் உலாவும், ஒவ்வொரு தரமும் வாசலுக்குத் திரும்பி வரும். இது பிள்ளைக்குத் தானாக விளங்கிவிடும், நேரம் செலவழிக்க வேண்டாம்.

இனி வீட்டில் என்ன செய்வது? கொப்பியை மூடி வைத்துவிட்டு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு, பிள்ளையை இழுத்துவிடும். போனில் தம்புராவைப் போட்டு, மகளும் நீங்களும் ச-வை மட்டும் நீட்டிப் பிடியுங்கள். சரியாகச் சேர்ந்தால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காத மாதிரி, தம்புராவுக்குள் கரைந்த மாதிரி இருக்கும். சேராவிட்டால் ஒரு அதிர்வு, தகரம் நடுங்குகிற மாதிரி, காதில் உரசும். உரசல் நிற்கும் வரை குரலை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். மனைவியையும் பக்கத்தில் இருத்தி, எப்போது உரசல் நின்றது என்று மூன்று பேரும் கையை உயர்த்துங்கள். உங்களுக்குக் காது இல்லை என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும், யாருடைய பக்கம் தீர்ந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். ச பழகிய பிறகு ப, பிறகு மேல் ச. ஒரு கிழமைக்கு இந்த மூன்றும் போதும். மிச்ச ஐந்து நிமிடத்துக்கு ஆதி தாளம், வாயில் ஒன்றுமில்லாமல், வெறும் கை.

ஓர்கனில் தானாகத் தாளம் அடிக்கிற பொத்தான் இருக்கும், பிள்ளைகள் முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கை தாளம் பழகும் வரை அதை அமத்த விடாதீர்கள். இன்னொரு பொத்தானில் டிரான்ஸ்போஸ் என்று எழுதியிருக்கும். அது சுருதியை நகர்த்துவது. மகள் வகுப்பில் எந்தக் கட்டையில் பாடுகிறாள் என்று மிஸ்ஸிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஐந்தரை என்று சொன்னால், மூன்று சேர்ந்த கறுப்பில் நடுவில் இருப்பதுதான் அவளுடைய ச. பொத்தானைத் தொடாமல், அந்தக் கறுப்பில் இருந்தே ப எங்கே என்று எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். வெள்ளை, கறுப்பு என்று பாராமல் எல்லாக் கட்டையும் சேர்த்து, ச-வுக்கு அடுத்ததில் இருந்து ஏழாவது.